அரிஸ்டாட்டில்: 158 ஆட்சிமுறைகளைச் சேகரித்தவர், ஓட்டுரிமை இல்லாமல் வாழ்ந்த கதை

உங்கள் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 158 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நாடு. அங்கே யார் ஆள்கிறார்கள், பதவிக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், நீதிமன்றம் எப்படி நடக்கிறது, இதற்கு முன் எத்தனை முறை ஆட்சி மாறியது என்று வரிசையாகத் தகவல்கள்.

இந்த வேலையை ஒருவர் சுமார் 2,350 ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார். எக்செல் கிடையாது, காகிதம்கூட கிடையாது. நாணல் தாளான பாப்பிரஸ் சுருள்களில் எழுதித் தொகுத்தது. அவர் பெயர் அரிஸ்டாட்டில்.

பள்ளிப் புத்தகத்தில் அவரை அலெக்சாண்டரின் ஆசிரியர் என்று படித்திருப்பீங்க. போட்டித் தேர்வுக்குத் தயாரானவர்கள் அரசியல் அறிவியலின் தந்தை என்று மனப்பாடம் செய்திருப்பீங்க. ஆனால் ஒரு விஷயத்தை அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. உலகின் ஆட்சிமுறைகளை வகைப்படுத்திய இந்த மனிதருக்கு, தன் வாழ்க்கையின் பாதிக்கு மேல் வாழ்ந்த நகரத்தில் ஓட்டுரிமை இல்லை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் வாங்கும் உரிமையும் இல்லை.

ஓர் ஆட்சி நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் சொன்ன பதிலையும், அந்தப் பதிலில் இருக்கும் ஓட்டையையும் புரிந்துகொள்ள, அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் போதும்.

அரண்மனை மருத்துவரின் மகன்

கி.மு. 384-ல் கிரேக்கத்தின் வடக்கே ஸ்டாகிரா என்ற சிறிய ஊரில் அரிஸ்டாட்டில் பிறந்தார். அப்பா நிக்கோமாக்கஸ் ஒரு மருத்துவர். பக்கத்து ராஜ்ஜியமான மாசிடோனியாவின் மன்னர் அமிந்தாஸுக்கு வைத்தியம் பார்த்தவர். அந்த அமிந்தாஸின் பேரன்தான் பின்னாளில் உலகத்தையே பிடிக்கக் கிளம்பிய அலெக்சாண்டர்.

அப்பா சீக்கிரமே இறந்துவிட, உறவினர் ஒருவர் வளர்த்தார். 17 வயதில் படிப்புக்காக ஏதென்ஸ் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே பிளேட்டோ நடத்திய அகாடமியில் சேர்ந்தவர், 20 ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார்.

அன்றைய ஏதென்ஸில் மக்களாட்சி நடந்தது. நம்முடையதைப் போல எம்.பி.க்களை அனுப்பும் முறை அல்ல. குடிமக்களே ஒரு குன்றின் மேல் கூடி, கையை உயர்த்தி முடிவெடுத்தார்கள். 500 பேர் கொண்ட சபைக்கும் பெரும்பாலான பதவிகளுக்கும் குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தார்கள். வழக்குகளை நூற்றுக்கணக்கான சாதாரணக் குடிமக்கள் உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்பளித்தார்கள்.

இதையெல்லாம் அரிஸ்டாட்டில் பார்க்கலாம், பங்கெடுக்க முடியாது. அவர் அங்கே ஒரு மெட்டிக். அதாவது, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர். ஆண்டுக்கு 12 டிராக்மா குடியேற்ற வரி கட்ட வேண்டும். கூட்டத்தில் பேச முடியாது, ஓட்டுப்போட முடியாது, வீடோ நிலமோ வாங்க முடியாது.

நீங்கள் வேலைக்காக பெங்களூருவிலோ டெல்லியிலோ வாடகை வீட்டில் இருப்பவராக இருக்கலாம். சில மாதங்களில் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரை அந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏதென்ஸில் அந்த வழி கிடையாது. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் வெளியூர்க்காரர் வெளியூர்க்காரர்தான்.

ஒரு நண்பரின் மரணம்

கி.மு. 347 வாக்கில் பிளேட்டோ இறந்தார். அகாடமியின் தலைமை பிளேட்டோவின் சகோதரி மகன் ஸ்பியூசிப்பஸுக்குப் போனது. ஏறக்குறைய அதே நேரத்தில், மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் வடக்கு கிரேக்க நகரங்களைத் தரைமட்டமாக்கினார். அதில் ஸ்டாகிராவும் ஒன்று. 37 வயதில் அரிஸ்டாட்டிலுக்குத் திரும்பிப் போக சொந்த ஊரே இல்லை.

அவர் ஏதென்ஸை விட்டுக் கிளம்பினார். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த அட்டார்னியஸ் பகுதியை ஆண்ட ஹெர்மியாஸ் அவருக்கு இடம் கொடுத்தார். அவருடைய குடும்பத்துப் பெண்ணான பித்தியாஸை அரிஸ்டாட்டில் திருமணமும் செய்துகொண்டார்.

ஹெர்மியாஸ் தேர்ந்தெடுக்கப்பட்டவரோ பரம்பரை மன்னரோ அல்ல. கிரேக்கர்கள் அப்படித் தனியொருவராக அதிகாரத்தைப் பிடித்தவரைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லிலிருந்துதான் இன்றைய ஆங்கிலத்தின் டைரன்ட் வந்தது. ஆனால் அரிஸ்டாட்டிலுக்கு அவர் நல்ல நண்பர். சில ஆண்டுகளில் பாரசீகப் பேரரசின் ஆட்கள் ஹெர்மியாஸைத் தந்திரமாகப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். நண்பரின் நினைவாக அரிஸ்டாட்டில் ஒரு பாடல் எழுதினார். இந்தப் பாடலை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் இது திரும்பி வரும்.

இடையில் பக்கத்திலிருந்த லெஸ்பாஸ் தீவில் தங்கி, நண்பர் தியோஃப்ராஸ்டஸோடு சேர்ந்து மீன்களையும் மற்ற கடல் உயிரினங்களையும் ஆராய்ந்தார். அறுத்துப் பார்ப்பது, ஒப்பிடுவது, வகை பிரிப்பது என்று அங்கே பழகிய முறையைத்தான் பிற்பாடு ஆட்சிகள் மீதும் பயன்படுத்தினார்.

கி.மு. 343-ல் ஸ்டாகிராவை அழித்த அதே பிலிப்பிடமிருந்து அழைப்பு வந்தது. 13 வயது மகன் அலெக்சாண்டருக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். அரிஸ்டாட்டில் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிரதிபலனாக ஸ்டாகிரா மறுபடி கட்டப்பட்டது என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன.

158 வரிசைகள்

கி.மு. 335-ல் அரிஸ்டாட்டில் ஏதென்ஸுக்குத் திரும்பினார். இப்போது நிலைமை வேறு. கிரேக்க நகரங்கள் மாசிடோனியாவின் பிடியில் இருந்தன. லைசியம் என்ற இடத்தில் தன் சொந்தக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். நிலம் வாங்க உரிமை இல்லாததால் இடத்தை விலைக்கு வாங்க முடியவில்லை.

அடுத்த 12 ஆண்டுகளில் அவரும் மாணவர்களும் சேர்ந்து 158 நகரங்களின் அரசமைப்புகளைத் திரட்டினார்கள் என்று பழைய நூல் பட்டியல்கள் காட்டுகின்றன. அரசமைப்பு என்றதும் ஒரு சட்டப் புத்தகத்தை நினைக்க வேண்டாம். ஓர் ஊரில் அதிகாரம் யார் கையில் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதன் முழு விவரம் அது.

பிளேட்டோ மனதுக்குள் ஒரு லட்சிய நாட்டை வடிவமைத்தார். அரிஸ்டாட்டில் இருக்கிற நாடுகளைப் போய்ப் பார்த்து எழுதச் சொன்னார். டேட்டா ஜர்னலிஸ்ட்டாக வேலை பார்க்கும் எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டே கேள்விகள்

அரசியல் என்ற தலைப்பில் நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய நூலில், ஆட்சிகளைப் பிரிக்க இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். ஆள்வது எத்தனை பேர்? யாருடைய நலனுக்காக ஆள்கிறார்கள்?

எண்ணிக்கைக்கு மூன்று விடைகள்: ஒருவர், சிலர், பலர். நோக்கத்துக்கு இரண்டு விடைகள்: எல்லோருடைய நலன், ஆள்பவரின் சொந்த நலன். மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு வகை.

• ஒருவர் பொது நலனுக்காக ஆண்டால் முடியாட்சி. தனக்காக ஆண்டால் கொடுங்கோலாட்சி.

• சிலர் பொது நலனுக்காக ஆண்டால் மேன்மக்கள் ஆட்சி. தங்களுக்காக ஆண்டால் செல்வர் ஆட்சி.

• பலர் பொது நலனுக்காக ஆண்டால் பாலிட்டி. தங்களுக்காக மட்டும் ஆண்டால் டெமாக்ரசி.

இரண்டாவது கேள்வி தமிழர்களுக்குப் புதிது இல்லை. செங்கோல், கொடுங்கோல் என்ற சொற்களையே எடுத்துக்கோங்க. இரண்டுமே அரசன் கையில் இருக்கும் கோல்தான். ஒன்று நேராக இருக்கிறது, இன்னொன்று வளைந்திருக்கிறது. அரிஸ்டாட்டில் இதே சோதனையைச் சிலர் ஆட்சிக்கும் பலர் ஆட்சிக்கும் வைத்தார்.

கொஞ்சம் பொறுங்க, டெமாக்ரசி கெட்ட பட்டியலிலா? ஆமாம். அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தியது, எண்ணிக்கையில் அதிகமான ஏழைகள் தங்கள் நலனை மட்டும் பார்த்து ஆளும் ஆட்சிக்கு. நாம் இன்று மக்களாட்சி என்று சொல்வது சட்டம், அடிப்படை உரிமை, சிறுபான்மைப் பாதுகாப்பு எல்லாம் சேர்ந்தது. அது அவருடைய பாலிட்டிக்கு நெருக்கம். அதோடு, மூன்று கெட்ட வகைகளில் மிகக் குறைவான கேடு தருவது டெமாக்ரசிதான் என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

பலர் சேர்ந்து எடுக்கும் முடிவை அவர் மதிக்கவும் செய்தார். அதற்கு அவர் சொன்ன உதாரணம் நம்ம ஊர் கூட்டாஞ்சோறு மாதிரி. ஒருவர் செலவில் நடக்கும் விருந்தைவிட, ஆளுக்கொன்று கொண்டுவந்து சேர்க்கும் விருந்து சிறப்பாக அமையலாம். தனித்தனியாகப் பார்த்தால் பெரிய அறிவாளிகளாக இல்லாதவர்கள்கூட, கூடி யோசிக்கும்போது ஒரு நிபுணரை மிஞ்சலாம்.

1,000 பணக்காரர்கள், 300 ஏழைகள்

பிறகு தன் அட்டவணையைத் தானே கேள்வி கேட்கிறார். ஓர் ஊரில் 1,300 பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1,000 பேர் பணக்காரர்கள், 300 பேர் ஏழைகள். அந்த 1,000 பேர் சேர்ந்து 300 பேருக்கு அதிகாரத்தில் எந்தப் பங்கும் தராமல் ஆண்டால், அதை மக்களாட்சி என்று சொல்வீங்களா?

பெரும்பான்மைதான் ஆள்கிறது. ஆனாலும் யாரும் அதை மக்களாட்சி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்கிறார் அவர். செல்வர் ஆட்சிக்கும் மக்களாட்சிக்கும் உண்மையான வித்தியாசம் தலை எண்ணிக்கை அல்ல, பணம் இருப்பதும் இல்லாததும்தான். பணக்காரர்கள் எல்லா ஊரிலும் குறைவு, ஏழைகள் எல்லா ஊரிலும் அதிகம் என்பதால் எண்ணிக்கை தற்செயலாகப் பொருந்திப்போகிறது. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே தென்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்று இன்று டேட்டா படிப்பவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறோம். அவர் அதை அன்றே செய்து காட்டியிருக்கிறார்.

ஆட்சிகள் ஏன் கவிழ்கின்றன என்பதற்கும் அவர் தந்த முக்கியமான விடை ஏற்றத்தாழ்வுதான். நியாயமான பங்கு கிடைக்கவில்லை என்று ஒரு தரப்பு நினைக்கத் தொடங்கினால் கலகம் வரும். நடுத்தர வர்க்கம் பெரிதாக இருக்கும் ஊர்தான் நிலைத்து நிற்கும் என்பது அவர் கணிப்பு.

இன்னொரு ஆச்சரியம். பதவிக்குத் தேர்தல் வைப்பதைச் செல்வர் ஆட்சியின் அடையாளமாகவும், குலுக்கல் போடுவதை மக்களாட்சியின் அடையாளமாகவும் கிரேக்கர்கள் கருதியதை அவர் பதிவு செய்கிறார். தேர்தல் என்றால் பேரும் வசதியும் உள்ளவரே ஜெயிப்பார், குலுக்கலில் யாருக்கும் வாய்ப்பு வரும் என்பது அந்தப் பார்வை. நம்ம ஊர் தேர்தலில் எவ்வளவு செலவாகிறது என்று யோசித்துப் பாருங்க, அந்தப் பார்வை முழுக்கத் தவறு என்று தள்ளிவிட முடியாது.

அரசு எதற்காக?

பாதுகாப்புக்காக என்று பலர் சொல்வார்கள். வியாபாரம் ஒழுங்காக நடக்க என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் தேவை, ஆனால் போதாது என்பது அரிஸ்டாட்டிலின் நிலை.

இதற்கு அவர் காட்டும் உதாரணம், கார்த்தேஜ் நாட்டவரும் இத்தாலியின் எட்ரஸ்கன் மக்களும். இருவருக்கும் இடையே வணிக ஒப்பந்தம் இருந்தது, ஒருவரையொருவர் தாக்கக் கூடாது என்ற உடன்பாடும் இருந்தது. அதனால் அவர்கள் ஒரே நாட்டு மக்கள் ஆகிவிட்டார்களா? இல்லை. ஏனென்றால் ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதைப் பற்றி மற்றவருக்கு அக்கறை இல்லை.

மனிதர்கள் உயிர் பிழைக்க ஒன்றுசேர்ந்தார்கள், ஆனால் நன்றாக வாழ்வதற்காகத்தான் சேர்ந்தே இருக்கிறார்கள். அந்த நல்ல வாழ்வை எல்லோருக்கும் சாத்தியமாக்குவதுதான் அரசின் வேலை. இந்திய அரசமைப்பின் முகப்புரை, நாட்டின் வடிவம் இன்னது என்று சொன்ன கையோடு நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நோக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறது. அமைப்பு ஒன்று, அது எதற்காக என்பது இன்னொன்று என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அரிஸ்டாட்டிலின் நூல் ஒரு பழைய தொடக்கம்.

அட்டவணையில் விடுபட்ட கட்டம்

இப்போது அந்த ஓட்டைக்கு வருவோம்.

ஒருவர், சிலர், பலர் என்று எண்ணினாரே, யாரையெல்லாம் எண்ணினார்? குடிமக்களை மட்டும். பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. அடிமைகள் இல்லை. சிலர் இயற்கையிலேயே அடிமைகளாக இருக்கப் பிறந்தவர்கள் என்று அவர் வாதாடினார். பெண்கள் ஆளப்பட வேண்டியவர்கள் என்றார். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குச் சிறந்த நாட்டில் குடியுரிமையே கூடாது என்றார். இந்த வாதங்கள் பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டங்களில் அடிமைமுறையை நியாயப்படுத்தியவர்கள் வரைக்கும் பயன்பட்டன. அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சமாதானம் சொல்லவும் முடியாது. அடிமைமுறை இயற்கைக்கு விரோதமானது, வெறும் பலாத்காரம் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். அதை அவருடைய நூலே பதிவு செய்திருக்கிறது.

அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. குடிமக்கள் 21,000 பேர், மெட்டிக்குகள் 10,000 பேர் என்று ஒரு குறிப்பு சொல்கிறது. இதில் பெண்களும் குழந்தைகளும் இல்லை. அடிமைகளுக்கு அந்தக் குறிப்பு தரும் எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரிது என்பதால் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆக, பலருடைய ஆட்சி என்று பெயர் எடுத்த ஏதென்ஸிலும் ஆண்டது சிறுபான்மைதான். வெளியே நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் அரிஸ்டாட்டில். அப்படியிருந்தும், ஓரிடத்தில் வசிப்பதாலேயே ஒருவர் குடிமகன் ஆகிவிடமாட்டார் என்றுதான் அவர் எழுதினார். தனக்கு மூடப்பட்ட கதவை அவர் தட்டிப் பார்க்கக்கூட இல்லை.

கடைசி ஓராண்டு

மாணவன் அலெக்சாண்டரின் படையெடுப்போடு வரலாறு எழுதப் போனவர் கலிஸ்தனீஸ், அரிஸ்டாட்டிலின் உறவினர். மன்னர் முன் விழுந்து வணங்கும் பாரசீக வழக்கத்தை கிரேக்கர்கள் மீதும் திணிக்க அலெக்சாண்டர் முயன்றபோது, கலிஸ்தனீஸ் மறுத்தார். கி.மு. 327-ல் சதிக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார், உயிரோடு திரும்பவில்லை.

கி.மு. 323-ல் பாபிலோனில் அலெக்சாண்டர் இறந்தார். செய்தி வந்ததும் ஏதென்ஸ் மாசிடோனியாவுக்கு எதிராகக் கிளம்பியது. மாசிடோனிய அரண்மனையோடு தொடர்புள்ள வெளியூர்க்காரர் மீது எல்லோர் பார்வையும் விழுந்தது. தெய்வ நிந்தனை வழக்கு தொடுக்கப்பட்டது. ஆதாரம் என்ன தெரியுமா? சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் ஹெர்மியாஸின் நினைவாக அவர் எழுதிய அந்தப் பாடல். மனிதனுக்குத் தெய்வத்துக்கு உரிய மரியாதை செய்துவிட்டாராம்.

76 ஆண்டுகளுக்கு முன் இதே நகரம், இதே வகைக் குற்றச்சாட்டில்தான் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்தது. அரிஸ்டாட்டில் காத்திருக்கவில்லை. யூபியா தீவில் சால்கிஸ் என்ற ஊரில் இருந்த அம்மாவழிச் சொத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கி.மு. 322-ல், சுமார் 62 வயதில், நோய்வாய்ப்பட்டு இறந்தார். தன் அடிமைகள் சிலரை விடுவிக்கச் சொல்லும் உயில் ஒன்று அவர் பெயரில் இன்றும் இருக்கிறது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை மாசிடோனியத் தளபதி ஆன்டிபேட்டரிடம் கொடுத்திருந்தார்.

அந்த ஆன்டிபேட்டர் அதே ஆண்டில் ஏதென்ஸைத் தோற்கடித்தார். 2,000 டிராக்மா சொத்து உள்ளவர்களுக்கு மட்டுமே இனி குடியுரிமை என்று அறிவித்தார். பழைய வரலாற்றாசிரியர்களின் கணக்குப்படி சுமார் 9,000 பேர் மிஞ்சினார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் ஒரே உத்தரவில் உரிமை இழந்தார்கள். அரிஸ்டாட்டிலின் அட்டவணையில் ஏதென்ஸ் பலர் கட்டத்திலிருந்து சிலர் கட்டத்துக்கு நகர்ந்தது. நகர்த்தியவர் அவருடைய நண்பர்.

கணக்குப் புத்தகத்தின் பின்பக்கம்

158 பதிவுகளில் ஏறக்குறைய முழுதாக நம் கைக்கு வந்தது ஒன்றே ஒன்று, ஏதென்ஸ் பற்றியது. எகிப்தில் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கு. அந்தச் சுருள்களின் பின்பக்கத்தில் யாரோ இதைப் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் மியூசியம் வாங்கிய அந்தச் சுருள்களை அடையாளம் கண்டு, 1891-ல் ஃபிரடெரிக் கென்யன் பதிப்பித்தார். எழுதியது அரிஸ்டாட்டிலா, அவருடைய மாணவரா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஏதென்ஸின் ஆட்சிமுறை 11 முறை மாறியதாக அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த ஆட்சியும் நிரந்தரம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல டேட்டா வேண்டுமா?

ஊரை அழித்தது ஒரு மன்னர். நண்பரைக் கொன்றது ஒரு பேரரசு. உறவினரைப் பலிவாங்கியது தான் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவனின் ஆட்சி. கடைசியில் துரத்தியது ஒரு மக்களாட்சி. ஆள்பவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஓர் ஆட்சியை நம்பிவிடக் கூடாது என்பதை அவர் நூல்களில் மட்டும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்த முறை ஒரு புதிய சட்டமோ, மெஜாரிட்டியோடு எடுத்த முடிவோ செய்தியாக வரும்போது, அவருடைய இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்க. முடிவு எடுத்தது யார்? யாருக்காக? அதோடு, அவர் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வியையும் சேர்த்துக்கோங்க: இந்தக் கணக்கில் யாரை எண்ணவே இல்லை? அந்த மூன்றாவது கேள்விக்கான பதிலில், ஏதென்ஸில் அவருடைய பெயரும் இருந்தது.